ஐந்தாம் நரம்பு

பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் போடுகிறவள் நான்.
தாளோடு சடை பின்னி,
தார்த்து போகும் சாலையோரம் தொங்கவிட்டு விற்போம்.
என் மூக்கு எந்த வருடம் நின்றது என்று
எனக்கே தெரியாது.
கைக்கடிகாரம் நின்றால்கூடத் தெரியும்.

மீன் புகைக்கும் கொட்டகை ஒருநாள் பற்றிக்கொண்டது.
நான் உள்ளேதான் இருந்தேன்,
புகையைப் பார்த்தபடி,
எழவேண்டும் என்று தோன்றாமல்.
தெரெந்தி வந்து இழுத்துப்போட்டான்.
"ஏன் கூப்பிடவில்லை?"
தோளைக் குலுக்கினேன்.
தீயைவிட அதற்குத்தான் அவன் பயந்தான்.

இரண்டு வருடமாக நான் அவனைத் திட்டவில்லையாம்.
வயதானால் சாந்தம் வரும் என்று இருந்துவிட்டானாம்.
மனைவி திட்டவில்லை என்று
எந்த ஆண்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவான்?

படத்தில் அது வெள்ளையாய், உருண்டையாய்,
சிலுவை போடும்போது இரண்டு விரல் தொடுமே,
அந்த இடத்துக்கு நேர் பின்னால்.
மருத்துவர் லீவி கஸ்க் ரஷ்ய மொழியில் தடுமாறிச் சொன்னாள்:
மூளையில் இல்லை, மூளையைப் போர்த்திய உறையில்.
புற்றாகத் தெரியவில்லை.
மெனிஞ்சியோமா.
பத்து வருடமாவது குடியிருந்திருக்கும்.
"சின்ன ஆரஞ்சு அளவு."
இல்லை டாக்டர்,
எங்கள் கணக்கில் அது இரண்டாம் ரகம்,
சடையின் நடுவில் வைப்போம்.

எங்கள் சபையில் பெண்ணின் தலையில் கத்தரி படாது.
அறுபத்தோரு வருடம் படவில்லை.
காதிலிருந்து காதுவரை
ஒரு விரல் அகலம் மழிக்கவேண்டும் என்றார்கள்.
யூட்டா என்ற நர்ஸ் எதுவும் கேட்கவில்லை.
மழித்ததைப் பையில் போட்டு
என் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டிக் கொடுத்தாள்,
ரத்தக் குழாய்க்கு ஒட்டுவதுபோல.
தெரெந்தி அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

எட்டு மணி நேரம். எனக்கு ஒரு இமைப்பு.
பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்:
நெற்றித் தோலை முன்னால் மடித்தார்கள்,
எலும்பைப் பலகைபோல் எடுத்து வைத்தார்கள்.
அடியில் ரத்தம் ஊறும் வாயை முதலில் அடைத்து,
உள்ளே குடைந்து காலிசெய்து,
தொய்ந்த ஓட்டை மூளையிலிருந்து
பஞ்சு வைத்து,
பஞ்சு வைத்து,
பிரித்தார்கள்.
"பிடித்து இழுத்தால்
வரக்கூடாததும் கூடவே வரும்" என்றாள் லீவி.
ஈரமண்ணில் பிடுங்குகிறவளிடம் சொல்கிறாள்.

உரித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது என்பார்கள்.
என்னில் இருந்தது.
துண்டுதுண்டாய் வந்ததால்
எடை போடவில்லையாம்.
எனக்கு அது ஒரு குறைதான்.

மூன்றாம் நாள், கண்கள் வீங்கிப் பாதி மூடிக் கிடக்க,
தெரெந்தியின் காலைப் பார்த்தேன்:
ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.
"இந்தக் காலுறையோடா ஊர் தாண்டி வந்தாய், மடையா?
டாக்டர் பெண் என்ன நினைப்பாள்?"
அவன் நடைவழிக்கு எழுந்துபோய்
வெகுநேரம் வரவில்லை.
திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

என் மூக்கு திரும்பவில்லை.
காபி, கிராம்பு, தார் சோப்பு என்று
சின்னக் குப்பிகளை நீட்டினார்கள்.
எல்லாம் ஒரே காற்று.
இழைகள் கட்டிக்கு அடியிலேயே நைந்துபோயினவாம்.
இப்போது பால் கெட்டதா என்று
தெரெந்தி முகர்ந்து சொல்கிறான்;
சபைக்குத் தெரியாமல்
நாற்பது வருடம் புகைபிடித்த மூக்கு,
அதை நம்பித்தான் என் வயிறு.
அடுப்புக்கு மேல் ஒரு கருவி மாட்டியிருக்கிறான்,
மீன் பொரித்தாலும் அலறும்.

செப்டம்பர். அறுவடை.
முக்காடுக்குள் முள்ளாய்க் குத்தும் புதுமயிர்.
பலகையில் ஒன்றை வைத்து வெட்டுகிறேன்,
வாசமில்லாத வெள்ளை வளையங்கள்,
கண்ணில் மட்டும் பொலபொலவென்று நீர்.
"அழுகிறாயா?" என்கிறான் வாசலிலிருந்து.
இல்லை.
முகர்வது ஒன்றாம் நரம்பாம், அது போய்விட்டது.
எரிவது ஐந்தாம் நரம்பு, லீவி சொன்னாள்.
அது வேலையில் இருக்கிறது.

கதவைச் சாத்து. குளிர் வருகிறது.