முன்சக்கரம்

ஷென்செனிலிருந்து வந்த பெட்டியில்
ஒரு மோட்டார், முப்பத்தாறு கம்பி, சீனத்தில் ஒரு தாள்.
பக்கத்து வீட்டு மேடம் குவெக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்:
"தண்ணீரில் முக்காதே என்கிறது. வேறொன்றுமில்லை."

பள்ளிக்கூடக் கேன்டீனில் என் கடைக்கு
ஐந்து மணிக்கே அடுப்பு பற்றவேண்டும்.
முதல் ரயிலுக்கு அதற்குப் பிறகுதான் விடியும்.
புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஹில்வியூ மேடுவரை
என் முட்டிகள் இரண்டும்
ஒன்றையொன்று திட்டிக்கொண்டே வரும்.

காரிடாரில் பாய் விரித்து
பழைய சக்கரத்தைப் பிரித்தேன்.
வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.
ஒரு கம்பி உள்ளிருந்து, ஒன்று வெளியிருந்து,
இரண்டின் மேலே போய் மூன்றாவதன் அடியில் நுழையவேண்டும்.
மகளுக்குச் சடை பின்னிய கைதான்.
சடை விரலைக் கிழிக்காது.
பதினேழாம் கம்பியில் கணக்கு தப்பியது.
அவிழ்த்தேன்.
அடுத்த முறை இருபத்தொன்பதில்.
மூன்றாம் முறை எதுவும் தப்பவில்லை,
அதைப் பார்க்கத்தான் யாருமில்லை.

பிறகு ஒவ்வொன்றாய்ச் சுண்டிக் கேட்டேன்.
எல்லாம் ஒரே குரலில் பேசும்வரை
குட்டிச் சாவியைக் கால் திருகு, அரைக்கால் திருகு.
எதிர் புளோக்கில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

மஞ்சளோடு மஞ்சள், பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம்
சேர்த்தால் போதுமென்றான் காணொளிப் பையன்.
சேர்த்தேன்.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி சுவிட்சைத் தட்டினேன்.

சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது.
தயங்காமல், ஏதோ ஞாபகம் வந்ததுபோல,
கேன்டீனிலிருந்து வீட்டுக்கு,
வீட்டிலிருந்து படுக்கைக்கு.
நான் சிரித்த சத்தத்தில்
இரவு வேலை முடித்துத் தூங்கிய ஜைனுல் எழுந்துவந்தார்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
"இதுதான் சரியான திசை. மாற்றாதே."

மாற்றினேன். தடித்த ஒயர் இரண்டை இடம் மாற்றியதும்
மோட்டார் குளிர்ஜுரம்போல் நடுங்கியது.
மெல்லிய ஒயர்களையும் மாற்றினேன்.
நாலாவது தடவை அது ஹில்வியூவுக்குக் கிளம்பியது.

தூங்கும்போது பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்
என்று மின்தூக்கிக்குப் பக்கத்தில் நோட்டீஸ், நான்கு மொழியில்.
முக்காலி போட்டு அருகிலேயே உட்கார்ந்தேன்.
ஜுரம் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்து வைத்து எடுத்தேன்.

இருபது கிலோவுக்கு மேல் ஆகாதாம்.
காராங்குனிக்காரரின் தராசில் இருபத்தொன்றரை.
ஸ்டாண்டைக் கழற்றினேன், பின்கூடையைக் கழற்றினேன்.
அப்புறம், மகளின் குட்டி இருக்கை.
அவள் பாலிடெக்னிக் போகிறாள்.
பன்னிரண்டு வருடமாய் மேடெல்லாம் ஏற்றிய அந்தக் காலியிடம்
ஒரு கிலோ இருநூறு கிராம்.

பத்தொன்பது புள்ளி எட்டு. நிமிர்ந்துபோய்
ரோஸ்லானின் கடையில் நிறுத்தினேன்.
அவர் ஒரு கம்பியைச் சுண்டினார். காதைச் சாய்த்தார்.
இன்னொன்றைச் சுண்டினார்.
"யார் கட்டியது?"
"நான்."
சக்கரத்தைச் சுழலவிட்டு, அது நிற்கும்வரை பேசவில்லை.
பிறகு, வீட்டில் கட்டியதற்கு
ஆரஞ்சு முத்திரை குத்தமாட்டார்கள் என்றார்.
"தா போலே, காக்."
முடியாது என்பதை மலாயில் கேட்டால்
கொஞ்சம் மெதுவாகத்தான் விழுகிறது.

ஆக, பேட்டரி வீட்டில்.
விடியாத நாலே காலுக்கு
ஓடாத மோட்டாரையும் சேர்த்து மிதிக்கிறேன்.
மேட்டில் உள்ளேயிருக்கும் காந்தங்கள்
போகாதே போகாதே என்று முந்தானையைப் பிடிக்கின்றன.
முட்டிகளுக்குத் திட்ட இப்போது மூன்றாவதாக ஒரு ஆள்.
ஆனால் இறக்கத்தில் பார்க்கவேண்டும்.
கையை எடுத்தாலும் கோணாமல்
ஓர் இழை நடுக்கம்கூட இல்லாமல் போகும்
இந்த முன்சக்கரம்.

சனிக்கிழமை இரவுகளில் புழுக்கம் தாங்காதபோது
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்துகிறேன்,
பேட்டரியைப் பூட்டுகிறேன்.
மேடம் குவெக் நாற்காலியோடு வந்துவிடுகிறார்.
கம்பிகளிலிருந்து காற்று வருகிறது.
ஏழாவது மாடியில்,
மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்,
ஆளுக்கொரு கிண்ணம் பச்சைப்பயறு பாயசத்தோடு
உட்கார்ந்திருக்கிறோம்.