வழக்குச் சொத்து எண் இரண்டு

இராமேசுவரத்தில் எனக்கு முதல் நாற்காலி.
ஒரு கால் ஆடும்.
முன்பிருந்தவர் தாளை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்.
பிரித்துப் பார்த்தேன்: ஏதோ சம்மனின் பாதி,
பெயர் இருந்த பாதி அல்ல.
மடித்துத் திரும்பவும் வைத்தேன்.

மீன்பிடிப்பவர்களுக்கு நான் கொடுத்த வாய்தாக்களெல்லாம்
கச்சான் ஓய்ந்து கடல் படுத்த நாட்களாகப் பார்த்து விழுந்தன.
அதைச் சொல்ல வாயெடுத்த வக்கீல் ஒருவருமில்லை.
சொல்லியிருந்தாலும்
கடல் படுத்துக் கிடக்கிறது என்பதை
எந்தச் சட்டத்தில்
எந்தப் பிரிவில் தேடுவது?

அப்புறம் பெட்டி கட்டுவதுதான் உத்தியோகம்.
அரியலூர், நாங்குநேரி, ஆரணி,
இடையில் ஒரு மலையூர், எப்போதும் ஈரமான கோப்புகள்.
நீதிபதி வீட்டுக்கு யாரும்
சர்க்கரை கடன் கேட்டு வருவதில்லை.
கல்யாணப் பத்திரிகை வந்தால்
மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் ஊரைப் பார்ப்பேன்,
நம் கோர்ட்டில் அந்த ஊர் வழக்கு உண்டா என்று.
திண்டிவனத்தில் ஒருவனுக்குத் தண்டனை எழுதியபோது
தட்டச்சில் 'ஆயுள்' என்பது 'ஆயு' என்று வந்திருந்தது.
விட்டுப்போன எழுத்தைப் பேனாவால் போட்டு
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
அன்றிரவு சாப்பிட்டேன், தூங்கினேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி ஒன்றரை வருடம் இராமநாதபுரம்.
மாவட்ட நீதிபதி. இந்த நாற்காலி ஆடவில்லை.
டவாலி பூவலிங்கம் வாசலில் நின்று கூப்பிடுகிறார்,
வியாகப்பன்,
வியாகப்பன்,
மூன்றாவது வியாகப்பனுக்குத்தான் ஆள் வந்தது.
தங்கச்சிமடம். வயது அறுபத்திரண்டு. இடது காது மந்தம்.
மேல்முறையீடு.
சொத்து எண் ஒன்று, கடலட்டை நாற்பது கிலோ.
எண் இரண்டு, வள்ளம்.
மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி
அதே நாள் அதே மணிக்கு
மதுரை ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்தார்.
பத்தொன்பது வருடமாக இது யார் கண்ணிலும் படவில்லை.

கட்டில் பதினாலாம் பக்கம்.
'வள்ளத்தை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரும் மனு
தள்ளுபடி செய்யப்படுகிறது.'
ஒரே வரி. காரணம் கிடையாது.
கீழே என் கையெழுத்து.
அந்த நாளில் கடைசி எழுத்துக்கு வால் இழுப்பேன்.

வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதட்டுமா என்று
பக்கத்தைக் காட்டிக் கேட்டேன்.
வக்கீல் குனிந்து கட்சிக்காரரின் வலது காதில் சொன்னார்.
அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை,
மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்:
'இனி எந்த வாய்தாவுக்கு அலைய.
அம்மாவே முடிச்சு விடட்டும்.'

விடுதலை.
வள்ளத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியது.
பேனா எங்கும் தயங்கவில்லை.

மூன்று வாரத்தில் மண்டபத்திலிருந்து வனச்சரகரின் அறிக்கை:
மேற்படி வள்ளம் வெயிலிலும் மழையிலும் மக்கி,
ஒரு பகுதி புயலில் போய்,
மறுபகுதி என்ன ஆனதென்பதற்குக் கோப்பு இல்லாமல்,
பதிவெண் எழுதிய பலகை ஒன்று மட்டும் எஞ்சியிருந்ததால்
அது ஒப்படைக்கப்பட்டது.
பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் இணைப்பில் காண்க.
கண்டேன்.
'வி'யின் சுழியில் ஒரு முறை பேனா நின்றிருக்கிறது.
உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று ஓரத்தில் எழுதினேன்.

பிரிவுபசார விழாவில் சால்வைகள்.
பதினோராயிரம் வழக்குகளைப் பைசல் செய்தவர் என்றார் ஒருவர்.
எண்ணிக்கை சரிதான், நானே கொடுத்தது.

அதற்கு நான்கு நாள் முன்பு
பலகையை அவர் என்ன செய்தார் என்று
பூவலிங்கத்திடம் கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:
'கோழிக்கூண்டுக்குக் கதவாப் போட்டிருக்காகளாம்மா.
நம்பரு உள்பக்கமா.'

அடுத்த கட்டைப் பிரித்தேன்.
வாலிநோக்கம், உப்பளத் தகராறு.
எல்லைக்கல்லைக் காணோம் என்கிறார் வாதி.
எல்லைக்கல்லே கிடையாது என்கிறார் பிரதிவாதி.