மூன்று எஃப் இரண்டு

குளச்சல் ஐஸ் பிளாண்டில் ராத்திரி பதினொன்று.
கம்ப்ரஸர் சாகவில்லை,
யாரும் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.
கூப்பிடும் டிரைவர் நேற்றைய அப்டேட்டோடு போயிற்று.
கோயம்புத்தூர்க்காரன் போனை எடுக்கவில்லை.
"மூணு மணிக்கு வள்ளம் இறங்கும், கேட்டியா"
என்கிறார் மெர்சலின்,
கணக்கு நோட்டால் விசிறிக்கொண்டு.

நேரே மெமரியைத் திறக்கப்போகிறேன்.

ஒவ்வொரு நிரலும்
ஓர் ஊரே தனக்கென்று நினைத்துக்கொள்ளும்.
பக்கத்து நிரலுக்கும் அதே நினைப்பு, அதே கதவு எண்.
யார் உண்மையில் எங்கே என்பது
கெர்னலுக்குத் தெரியும்.
சொல்லாது.

கையேடு ஏழு ஈ இரண்டு என்கிறது.
அது சிப் தனக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர்.
எனக்க வீடும் அப்படித்தான்:
பத்திரத்தில் சர்வே எண், பஞ்சாயத்தில் வேறொன்று,
பார்சல்காரனுக்குப் பிலாவிளை இறக்கத்தில் நீலக் கேட்.
இந்த போர்டின் நீலக் கேட்
மூன்று எஃப் இரண்டு,
பின்னால் ஐந்து சுழியம்.

ரூட்டாக நுழைந்தேன்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட், ஒரு பக்கம்,
அதற்குக் குறைத்துத் தரமாட்டார்கள்.
பதினேழாம் பின்னைப் பேசச் சொல்லி
ஓர் எண்ணை எழுதினேன்.

உப்புநீர்ப் பம்பு நின்றது.

அது பதினெட்டாம் பின்.
ஒரே சொல்லுக்குள் பத்துப் பேர் குடியிருக்கிறார்கள்,
ஆளுக்கு மூன்று பிட்.
ஒருத்தனை எழுப்பப் போய்
ஒன்பது பேரைத் துடைத்திருக்கிறேன்.
"பிள்ளே, இருந்ததும் போச்சா?"
பதில் சொல்ல வாய் வரவில்லை.

சுவரில் ஒட்டிய வயரிங் படத்தைப் பார்த்து
பதினெட்டுக்கு அதன் பிட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
பம்பு இருமிக்கொண்டு ஓடியது.
பிறகு ஒழுங்காக:
இருப்பதைப் படி, மூன்றை மட்டும் மறை, ஒன்றை வை.
வோலடைல் என்று எழுத மறக்கவில்லை.
மறந்தால் கம்பைலர்
ஒருதடவை பார்த்தது போதும் என்று இருந்துவிடும்,
கரையில் நின்று ஒரு அலை பார்த்துவிட்டு
கடல் தெரியும் என்கிறவன் மாதிரி.

டக்.

ரிலே. அப்புறம் தரை அதிர்ந்தது.
குழாய்களில் வெள்ளை ஏறத் தொடங்கியது.

நிரல் முடிந்தது. வாங்கிய பக்கத்தைத் திருப்பியாயிற்று.
பிட் மட்டும் நிற்கிறது,
வைத்தவள் பெயர் தெரியாமல்.
லாகில் ஒரு வரி கிடையாது.
கெர்னலைக் கேட்டால்
இன்றைக்கு இங்கே யாரும் வரவில்லை என்கும்.

"விடியக்காலம் இதை யாரு நிறுத்துவா?"
என்று கேட்டார் மெர்சலின்.

போட்டுக்கொண்ட ஹெல்மெட்டைக் கழற்றி
மேசைமேல் வைத்தேன்.