கும்குவாட்

மார்க்கம். ஸ்டீல்ஸ் வீதிப் பேக்கரியின் பின்கட்டு.
விடிய நாலரை.
அன்னாசிப் பாண் முதல் தட்டு அடுப்புக்குள் போனதும்
என்னிடம் இருந்த கந்தோனீஸை எல்லாம் கூட்டிச்
சொன்னேன், பெருமையாய்:
நேற்று நான் எலுமிச்சை தின்றேன்.

யுக்-ஃபான் மாவுக் கையால் வாயைப் பொத்தினாள்.
தட்டுக் கழுவுகிற கீ-சுங் திரும்பிப் பார்த்தான்.
ஆர் அந்த ஆள்?

ஆள் இல்லை. தாதியர் சபை.
மூன்றாம் முறையும் பத்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அப்ப அது எலுமிச்சை இல்லை, என்றாள்.
ஆசையை வாய்விட்டுச் சொல்லி
மாட்டேன் என்று கேட்டு வந்தவருக்குத்தான் எலுமிச்சை.
சபையை நீ காதலித்தாயா?

யோசித்தேன். பதினொரு வருஷம்.
இருக்கலாம்.

உன்னுடையது வெள்ளைப் பழம், கிங்கோ.
மாடாய் உழைத்தும் வெறுங்கையோடு நிற்கிறவள் தின்பது.
வருவேன் என்று வராதவன் விமானம் விட்டவன்.
இதை மட்டும் அவள் விளக்கவில்லை.
அவளுடைய விமானம் வான்கூவரில் இறங்கி
ஆறு வருஷம்.

மாவுப் பையின் ஓரத்தைக் கிழித்து எழுதிக்கொண்டேன்.

அவர்களின் வருஷப் பிறப்புக்குப் போனஸ் என்றிருந்தார் முதலாளி.
சிவப்பு உறையை நினைத்து வரிசையில் நின்றோம்.
வாசல் தொட்டி மரத்திலிருந்து பறித்து
ஆளுக்கொரு கும்குவாட்.
அதிர்ஷ்டமாம்.

ஒருவரும் மூச்சு விடவில்லை.
நான்தான் சொன்னேன்: தக் கோ கட்.
கிடைத்தது ஒரு கும்குவாட்;
அதாவது, ஒரு மண்ணும் இல்லை.

தொனி எங்கோ பிசகியிருக்கும்.
ஆனாலும் கீ-சுங்கின் கையிலிருந்து தட்டுகள் விழுந்தன,
யுக்-ஃபான் மேசையைப் பிடித்துக்கொண்டு
கண்ணீர் வரச் சிரித்தாள்,
முதலாளியும் சிரித்தார், பொருள் உறைக்கும்வரை.

பஸ் நிறுத்தத்தில் என் பங்குக்கு ஒன்று கொடுத்தேன்:
இலவு காத்த கிளி.
பழுக்கும் பழுக்கும் என்று காத்திருக்க
காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்த கதை.

பிறகு கிளி என்ன செய்தது?

தெரியாது.
எங்கள் ஆட்கள் பஞ்சோடு கதையை விட்டுவிடுவார்கள்.
இத்தனை வயதுக்கு
அந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை.

அவள் கோட்டுப் பையிலிருந்து பழத்தை எடுத்துத்
தோலோடு கடித்தாள்.
தோல்தான் இனிப்பு. உள்ளே புளிக்கும். துப்பாதே.

கடித்தேன். புளித்தது.
பனி கொட்டிக்கொண்டிருந்தது.
ஆறு பத்து பஸ்
இன்றைக்கும் விமானம் விட்டது.