ஏழாம் கட்டம்

படிவத்தின் ஏழாம் கட்டம்
எப்போதும் ஒரே சொல்லைத்தான் கேட்கிறது.
பத்தொன்பது வருடமாக அதையே எழுதி வருகிறேன்:
சுகாதாரக்கேடு.
பேக்கரி மாத் தொட்டியில் பல்லி கிடந்த அன்றும்,
சந்தைக்குப் பின்னால்
மீன்குடலைக் காகங்கள் இழுத்துத் திரிந்த அன்றும்,
பள்ளிக்கூடத்துப் பீலியில்
டெங்குக் குடம்பிகள் நெளிந்த அன்றும்
இதே சொல்.

அழுக்கு என்று எழுத முடியாது.
அது கொலருக்கு வருவது,
சனிக்கிழமைச் சவர்க்காரத்தோடு போய்விடுவது.
ஊத்தை என்றும் முடியாது.
தாய், பிள்ளையின் காதைத் திருகிச் சொல்வது அது.
கொஞ்சம் செல்லமும் ஒட்டியிருக்கும்.
சேறு என்று எழுதினால் வயல்காரர் சிரிப்பார்கள்;
படுவான்கரையில் அதற்கு
அடுத்த பெயர் சோறு.
குப்பையோ, கத்தரிக்குப் பசளை.

சட்டத்துக்கு வேண்டியது
மணக்காத ஒரு சொல்.

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்
வாவிக்கரை லைனுக்குப் போனேன்.
முறைப்பாடு வந்திருந்தது:
பெயர் இல்லாமல், வடிவான கையெழுத்தில்.
பத்து அறை, ஒரு கக்கூசு.
குழி நிரம்பி,
வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு
வாசல் வாசலாகப் போய்க் காட்டியிருந்தது.
நான்காம் அறையில் அடுப்பு கட்டிலுக்கு மேலே.
ஒரு பொடியன் கதிரையில் ஏறி நின்று
பல் துலக்கிக்கொண்டிருந்தான்,
கப்பலில் நிற்பவன் போல.

மெற்றில்டா அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள்.
மஞ்சள் மேலங்கி கழற்றவில்லை.
படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டினாள்.
"சுகம்... ஆதாரம்... கேடு.
மூண்டு சாமான் கிடக்கு சேர்.
சுகம் ஆசுபத்திரியில.
ஆதாரம் உங்கட போனுக்குள்ள,
இப்பதானே போட்டோ எடுத்தீங்க.
அப்ப மிச்சம்
எங்களுக்கா?"

சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.
நான் குனிந்து அதைப் பார்த்தேன்.
விடிய நாலு மணிக்கு
என் வீதியைக் கூட்டியவள் அவள்.
என் வீட்டுப் பையும் அவள் கைபட்டுத்தான்
டிராக்டர் ஏறியிருக்கும்:
மீன்முள், முட்டைக்கோது,
பேத்தியின் பம்பர்ஸ்.

எட்டாம் கட்டம்: பொறுப்பானவர் பெயர்.
வழமையில் குடியிருப்பவரின் பெயரைத்தான் போடுவோம்.
சுலபம். ஆள் முன்னால் நிற்பார்.
பேனாவைத் திறந்துகொண்டு
"வீடு ஆற்ற பேரில?" என்றேன்.
அவள் பேசவில்லை. திரும்பி நின்றாள்.
மேலங்கியின் முதுகில் மாநகரசபை முத்திரை.
அவளுக்கு மேலே, நிலையில் அறைந்த தகரத்தில்,
துரு தின்ற அதே முத்திரை.
என் கையில், படிவத்தின் நெற்றியிலும்
அதுவே.

எழுதினேன்.
மூன்று பிரதிக்கும் பதியட்டும் என்று
அழுத்தி எழுதினேன்.

"பிழையாக நிரப்பியிருக்கிறீர்" என்றார் மேலதிகாரி.
"திருத்தித் தாரும்."
"சொல்லையா சேர், பெயரையா?"
மின்விசிறி சுற்றியது.
அவர் வேறு கோப்பைத் திறந்தார்.

கிழமை இரண்டு போயிற்று.
வெள்ளம் தானாக வற்றியது.
குழி அப்படியேதான், மூடி இல்லாமல்.
படிவம் என் மேசையில்,
கண்ணாடிக் கட்டைக்குக் கீழே,
திருத்தப்படாமல்.

இன்று விடிய என் கேற்றடியில்
விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.
இருட்டுக்குள் மஞ்சள் அங்கி மட்டும் தெரிந்தது.
"என்ன சேர்," என்றாள்,
ஊரில் இருக்கும் உறவுக்காரரை விசாரிப்பது போல,
"கேடு எப்படி,
சுகமா இருக்குதா?"