வெண்ணிக்குப் பக்கத்தில் ஆறாம் சுற்று

ரயில்வே கேட் மூடினால் எங்களுக்கு நல்லது.
நீடாமங்கலமே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கையில்
ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்து
யாரும் "கிளம்பணும்" என்று எழ முடியாது.

நாலாயிரம் பேர் இந்தப் பக்கம்,
ஆறாயிரம் பேர் அந்தப் பக்கம்.
காலாளுக்குப் புளியங்கொட்டை,
குதிரைக்குச் சோடா மூடி,
எதிரி அரசனுக்கு ஞானப்பிரகாசத்தின் பைக் சாவி.
அவன் பாதியில் நழுவக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

பத்தாயிரம் பேருக்கும் பகடை உருட்டினால்
சம்பா அறுப்பே முடிந்துவிடும்.
பெரும்போரை நடத்துவது என்பது
பெரும்பாலானதைப் பார்க்காமல் விடுவது.
விதிப்புத்தகம் இதைச் சொல்லவில்லை.
நான் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவள்.
ஏதோ ஒரு மூட்டையில் குத்தூசி ஏற்றி
உள்ளங்கையில் விழுந்த பிடி நெல்லை
மீட்டரில் போடுவோம்.
பதினேழு என்றால் குவியல் முழுக்கப் பதினேழு.
பத்தொன்பது என்றால் காயப்போடு,
அதுவரை வானம் பொறுத்தால்.

அப்படித்தான் இங்கேயும்.
அரை மணிப் போருக்கு ஒரு சுற்று.
சேனாபதிக்கு ஒரே பகடை,
படை மொத்தத்துக்கும் அதுதான் வானிலை.
பிறகு ஒவ்வொரு நைட்டுக்கும் தன் பகடை,
தன் எதிரே நிற்கும் ஒரே ஒரு ஆள்.

புத்தகத்தில் பனி பெய்கிறது.
பனியை எங்களில் யாரும் பார்த்ததில்லை,
அதனால் சேறு என்று மாற்றினேன்.
இரும்புச் சட்டையோடு குதிரை நாற்றங்காலில் இறங்கினால்
என்ன ஆகும் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் கரண்ட் போனது.
செல்போன் டார்ச்சில்
கொட்டைக்கு ஒரு நிழல் முளைத்து
படை இரட்டிப்பானது.
நஜிமுதீன் இருபது போட்டான்.
கொடிக்காரனைச் சாய்த்தான்.
கேட்டில் நின்ற லாரி டிரைவர்
தலையை வெளியே நீட்டிப் பார்க்கும்படி ஒரு கத்து.
நூற்றைம்பது புகழ், விதிப்படி.

ஆறாம் சுற்று.
தையல்நாயகி ஆஸ்பத்திரி இரவுப்பணி முடித்து
தூங்காமல் வந்திருந்தாள்.
அவள் குதிரைக்காரப் பையன் விழுந்தான் என்றேன்.
"திரும்புறேன்."
"எதிரிக்கு முதுகு காட்டியா?"
"பையன் பின்னாலதானே கிடக்கான்."
தூக்கும்போது முதுகில் ஈட்டி.

"அவன் பேர் என்ன?" என்று கேட்டாள்.

பத்தாயிரத்தில் நான் பெயர் வைத்தது ஏழு பேருக்கு.
மூட்டைக்கு ஏது பெயர் என்று வாய்வரை வந்தது.
கலியமூர்த்தி, என்றேன்.
எங்கள் நிலையத்தில் சுமை தூக்குகிறவர் பெயர்.
அவசரத்துக்கு அதுதான் கிடைத்தது.

போர் முடிந்தது. வென்றோம், ஏறக்குறைய.
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
புகழ் எழுதுவது என் வேலை.
செத்தவன் தரம்தான் கொன்றவன் விலை:
அரசனுக்கு இவ்வளவு, நைட்டுக்கு இவ்வளவு,
காலாள் பத்துப் பேருக்கு ஒன்று,
பின்னம் வந்தால் தள்ளிவிடலாம்.
முதுகுப் புண்ணுக்கு அட்டவணையில் வரி இல்லை.

மேற்கே கொஞ்ச தூரத்தில் கோயில்வெண்ணி.
தஞ்சாவூர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிற ஊர்.
அங்கே முதுகில் புண்பட்ட ஓர் அரசன்
வடக்கே பார்த்து உட்கார்ந்து பட்டினியில் போனான்.
பள்ளியில் ஐந்து மார்க் கேள்வி.
ஜெயித்தவனுக்கு நாடு.
தோற்றவன் பங்கை
எந்த மீட்டரில் போட்டு அளந்தார்களோ.

"இரக்கத்துக்குப் புள்ளி போட்டா
என் நூற்றைம்பதுக்கு என்ன மரியாதை?"
நஜிமுதீன் கேட்டது நியாயம்.
பக்கத்துக் குவியலைக் காட்டி
ஒவ்வொரு பட்டத்திலும்
என்னிடம் ஆட்கள் கேட்பதும் இதேதான்.

தையல்நாயகி தூங்கிப்போயிருந்தாள்,
இடது அணிமேல் தலை சாய்த்து.
எழுந்தபோது கன்னத்தில் ஒரு புளியங்கொட்டை.
"கலியமூர்த்தி," என்றான் ஞானப்பிரகாசம்.

கேட் திறந்தது.
அவள் பெயருக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டு
கீழே புதிதாக ஒரு வரி எழுதினேன்:
கலியமூர்த்தி, ஒன்று.

நஜிமுதீன் எட்டிப் பார்த்தான்.
"ஒன்றுதானே," என்றான்,
எதிரி அரசனை எடுத்து
ஞானப்பிரகாசத்திடம் வீசியபடி.