பன்னிரண்டு எட்டு

ஜூன் மாதம் ரூவியில்
கீசரை அணைத்து வைத்தால் அதுதான் குளிர்ந்த நீர்.
மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது கொதிக்கும்;
குளியலறைக் கூரைக்கு அடியில் படுத்திருக்கும் கீசர்
ஏசியின் தயவில் சும்மா ஆறிக் கிடக்கும்.
இதை முதலில் சொன்னது நான் என்று
இசக்கிமுத்து இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.
சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
நாற்பது மீட்டர் உயரத்தில் வெப்பமானி கட்டி வைத்திருப்பவன்,
"தேதி போட்ட ஆதாரம் காட்டு" என்கிறான்.

நாங்கள் நாலு பேர்.
கைபேசிக்கு வெளியே யாரும் யாரையும் பார்த்ததில்லை.

தோஹாவில் தவசீலன்.
ஸ்கேல் ஒட்டிய ஜாடியில் இட்லி மாவு பொங்குவதை
மணிக்கொரு தரம் குறிப்பவர்.
ஏசி இருபத்துநாலில் பதினோரு மணி நேரம்,
பால்கனியில் மூன்றே கால்.
நாலாம் மணியில் மாவு வழிந்து
கீழ்வீட்டுக்காரர் மலையாளத்தில் ஏறி வந்ததும்
அட்டவணையில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் இருக்கிறது.

குவைத்தில், ஃபர்வானியாவில் ஜெஸீமா.
மருந்துக்கடை அடைத்த பிறகு
தூசிக்காற்றில் நிலா என்ன நிறம் என்று
பெயிண்ட் கடை அட்டையோடு ஒப்பிட்டு அனுப்புவாள்.
ஒரு நாள்: மாங்காய் வற்றல், இரண்டாம் வருடம்.
அட்டையில் அப்படி நிறமே கிடையாது என்றேன்.
"அட்டைக்கு அனுபவம் போதாது."

குச்சி யோசனையும் அவளுடையதுதான்.
ஜூன் இருபத்தொன்று.
ஆளுக்கு ஒரு மீட்டர் குச்சி,
உச்சியில் அதன் நிழல்,
அதை வைத்துப் பூமியின் இடுப்பளவு.
உச்சி என்றால் பன்னிரண்டு இல்லை என்று
தவசீலன் கணக்குப் போட்டுக் கொடுத்தார்:
மஸ்கட்டுக்குப் பன்னிரண்டு எட்டு,
குவைத்துக்கு அவர்கள் நேரம் பதினொன்று ஐம்பது.
கடிகாரம் அரசாங்கத்துடையது,
உச்சி அவரவருடையது.

பன்னிரண்டரைக்கு வெயில் வேலைக்குத் தடை.
அதற்கு முன்னால் மாடிக்கு வந்துவிட்டேன்,
லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே
நூலில் பதினேழாம் நம்பர் நட்டைத் தொங்கவிட்டு
குச்சியை நிமிர்த்தினேன்.
டிஷ் ஆன்டெனாக்கள் தங்கள் நிழல்மேல் தாமே உட்கார்ந்திருந்தன.
என்னுடையது பூட்ஸோரம் வந்து சுருண்டுகொண்டது.
குனிந்து தரையைத் துழாவியவனைப் பார்த்து
எதைத் தொலைத்தாய் என்றான் வாட்ச்மேன் ஷிமுல்.
நிழலை, என்றேன்.
அவனும் குனிந்து
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடினான்.

மூன்று மில்லிமீட்டர். அதுவும் மங்கல்.

நாற்பத்திரண்டு நிமிடம் கழித்து
அதே சூரியன் ஃபர்வானியாவின் உச்சிக்குப் போனது,
கொஞ்சம் சாய்ந்தபடி.
பத்தே முக்கால், இல்லை, பத்து புள்ளி எட்டு சென்டிமீட்டர் என்றாள் ஜெஸீமா.
இசக்கிமுத்து நாலு சென்டிமீட்டர் என்றான்;
படத்தில் குச்சி அவனைப் போலவே சாய்ந்து நின்றது,
மூன்று வாக்கில் நீக்கினோம்.
மூன்றாவது வாக்கு மாலையில்தான் வந்தது.
நேரம் கணித்துக் கொடுத்த தவசீலன்
இரவு ஷிப்ட் முடித்து உச்சியெல்லாம் தூங்கியிருந்தார்.

வடக்கு தெற்காக எங்களுக்குள்
அறுநூற்று நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.
வகுத்துப் பெருக்கினால்
முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்து நாலு.
பூமியில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைக் காணவில்லை.
இரவு முழுக்கத் தேடி
ஜெஸீமாவின் நாலு மில்லிமீட்டர் மங்கலுக்குள்
கண்டுபிடித்தோம்.
அவள் கோபித்துக்கொண்டு
நிலா நிறத்தை அன்று அனுப்பவில்லை.

மறுநாள் அவளேதான் கேட்டாள்:
ஒரு பெருநாள் விடுமுறைக்கு
நாலு பேரும் ஒரே ஊரில் சந்தித்தால் என்ன?

"எல்லாரும் ஒரே இடத்திலை நிண்டால்
நாலு தடிக்கும் ஒரே நிழல்தான்.
ஒண்டையும் அளக்கேலாது" என்றார் தவசீலன்.

அதன் பிறகு நெடுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.
ஷிமுல் ஏழாவது மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று கூப்பிட்டான்.
போய், சரிசெய்து, திரும்பிப் பார்த்தால்
இசக்கிமுத்து:
கீசர் நீர், மாலை ஆறு மணி, முப்பத்தொரு டிகிரி.
தேதியும் போட்டிருந்தான்.